ஏறுவது இருக்கட்டும், இறங்கத் தெரியுமா?

தாம்பரம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கோடை விடுமுறை தொடங்கி இரண்டாவது நாள். நான்காம் வகுப்பு முடித்த சிறுமி ஒருத்தி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, நீ சின்ன வயசுல மரம் ஏறுவியா?”

“என்ன அப்படிக் கேட்டுட்ட? குரங்கு மாதிரி ஏறுவேன். வேணும்னா உங்க தாத்தாவைக் கேட்டுப் பாரு.”

“அப்ப எனக்கும் சொல்லிக்கொடு.”

அப்பாவுக்கு ஒரே உற்சாகம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

குடியிருப்பின் உள்ளேயே ஒரு மாமரம் இருந்தது. முதல் கிளையே எட்டு அடி உயரத்தில். அப்பா மகளைத் தூக்கப் போன நேரத்தில் செக்யூரிட்டி ஓடி வந்தார். “வேணாம் சார், செக்ரட்டரி பார்த்தா என்னைத் திட்டுவார்.” சரி என்று தெருவுக்கு வந்தார்கள். வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். கீழே பஸ் போகிறது, மேலே மின்கம்பி போகிறது. பூங்காவுக்குப் போனால், வாசலிலேயே ‘மரங்களில் ஏறக் கூடாது’ என்று பலகை. பள்ளி மைதானத்தில் இரண்டு நல்ல வேப்பமரங்கள் உண்டு. ஆனால், கேட்டுக்குப் பூட்டு.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மரங்கள். ஒரு குழந்தை ஏறிப் பழக ஒன்றுகூட இல்லை.

பூங்கா பலகையைக் கோபித்துக்கொள்ள முடியாது. ஒரு பிள்ளை ஏறினால் பின்னால் இருபது பிள்ளைகள் ஏறும். பட்டை உரியும், கிளை ஒடியும். யாராவது விழுந்தால் பதில் சொல்வது யார்? அதனால் பொதுப் பூங்கா, சாலையோர மரம், கோயிலின் தலவிருட்சம், காப்புக்காடு ஆகிய எல்லாமே அனுமதி இல்லாமல் ஏறக் கூடாத இடங்கள்தான். மிச்சம் இருப்பது சொந்த இடம், சொந்தக்காரர் தோட்டம், கேட்டால் சரி என்று சொல்லக்கூடிய தெரிந்தவர் வீடு. மரம் ஏறப் பழக நினைக்கும் யாராக இருந்தாலும் தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் பண்ருட்டிக்கு பஸ் ஏறினார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. “கையைக் காலை உடைச்சுக்கிட்டு வந்தீங்கன்னா தெரியும் சேதி” என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லி அனுப்பினார்.

கிணற்றடி மரம் வேண்டாம்

பண்ருட்டி பக்கத்துக் கிராமம். முந்திரியும் பலாவும் விளைகிற செம்மண் பூமி. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகளைப் புரட்டிப் போட்டது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். தாத்தாவின் தோட்டத்திலும் பழைய மரங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே நாளில் போயின. தப்பியவற்றில் இரண்டு மாமரங்கள் உண்டு. ஒன்று கிணற்றடியில், குடை விரித்த மாதிரி அழகாக. இன்னொன்று மணிலாக்கொட்டைக் கொல்லையின் ஓரத்தில், கோணல்மாணலாக.

சிறுமி நேராகக் கிணற்றடி மரத்துக்குத்தான் ஓடினாள்.

“மரத்தப் பாக்காத கண்ணு. மொதல்ல தரையப் பாரு” என்றார் தாத்தா.

அவள் பார்த்தாள். ஒரு பக்கம் கிணறு. மறுபக்கம் துணி துவைக்கிற கல். வேலிக்குக் கொண்டுவந்து அடுக்கிய கற்கால்கள் வேறு. தாத்தா கையை உயர்த்திக் காட்டினார். மோட்டார் ரூமுக்குப் போகும் கரன்ட் வயர் இலைகளுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருந்தது.

“கைவிட்டா எங்க விழுவோம்னு பாத்துட்டுத்தான் கால வைக்கணும். இந்த மரம் ஒண்ணும் தப்பு பண்ணல. அது நிக்கிற எடம் சரியில்ல.”

அந்தக் கோணல் மரத்தின் முதல் கிளை மூன்றடி உயரத்திலேயே பெஞ்சு போட்டாற்போல் படுத்துக் கிடந்தது. கீழே உழுது போட்ட பொலபொலப்பான மண். கல் இல்லை, முள் இல்லை, கம்பி இல்லை. தாத்தா அதைச் சுற்றி ஒருமுறை நிதானமாக நடந்தார். இலைகளைச் சேர்த்து ஒட்டி முசுறு கூடு கட்டியிருக்கிறதா, கிளையிடுக்கில் குளவிக்கூடு இருக்கிறதா, பட்டுப்போன கிளை எது என்று பார்த்தார். இலையே இல்லாத கிளை, பட்டை உரிந்த கிளை, காளான் முளைத்த கிளை, தட்டினால் ‘டொக்டொக்’ என்று சத்தம் கேட்கும் கிளை எதையும் நம்பக் கூடாது. மழை பெய்த மறுநாள் எந்த மரத்தையும் நம்பக் கூடாது. பறவைக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். முதலில் தரை, பிறகு மேலே கம்பி, அதன் பிறகு மரம்.

புளியங்கொம்பும் முருங்கைக்கொம்பும்

எந்த மரத்தில் பழகலாம்? நம் பேச்சு வழக்கிலேயே இதற்குப் பாதி பதில் இருக்கிறது. நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தால் ‘புளியங்கொம்பாப் பிடிச்சுட்டான்’ என்கிறோம். புளியங்கிளை மெல்லியதாக இருந்தாலும் வளையுமே தவிர லேசில் ஒடியாது. முருங்கை அதற்கு நேர் எதிர். தொடை பருமன் கிளைகூடச் சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று முறியும். போதாததற்குக் கம்பளிப்பூச்சி. ‘முருங்கை பருத்தால் தூணாகுமா’ என்று சும்மா கேட்கவில்லை.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தாழ்வாகக் கிளை பிரியும் மாமரம் நல்லது. ஒட்டு மா என்றால் இன்னும் தாழ்வாகவே பிரியும். சப்போட்டாவும் புளியும் பரவாயில்லை. கொய்யாவின் கிளை உறுதியானது. ஆனால் பட்டை வழவழப்பு, ஈரத்தில் வழுக்கிவிடும். நாவல் மரம் பார்க்கப் பிரமாண்டமாக இருக்கும், ஆனால் கிளை சட்டென்று ஒடியும். பழத்துக்கு ஆசைப்பட்டு நாவல் மரத்தில் ஏறி விழுந்தவர் கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். பூத்துக் குலுங்கும் குல்மோஹர், முள் நிறைந்த இலவம், பப்பாளி ஆகியவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

எந்த மரமானாலும் கால் வைக்கும் கிளை ஏறுகிறவரின் புஜத்தின் பருமனாவது இருக்க வேண்டும். காலை வைப்பது கிளை மரத்தோடு சேரும் இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். கிளையின் நுனியை நோக்கிப் போகப் போக அதன் தாங்கும் சக்தி குறையும்.

தூக்கி விடாதே!

பெஞ்சுக் கிளை மூன்றடி என்றாலும் ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது நெஞ்சு உயரம். இரண்டு முறை முயன்றாள், வழுக்கியது. அப்பா வழக்கம்போல அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கப் போனார்.

“தூக்கி விடாதடா” என்றார் தாத்தா. “தானா ஏற முடியாத கெளையில இருந்து தானா எறங்கவும் முடியாது.”

மரம் ஏறப் பழகுவதில் மற்ற எல்லாப் பாடங்களும் இதற்குப் பிறகுதான். பெரியவர்கள் ஆசையாகத் தூக்கி உட்கார வைக்கும் கிளைகளில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். தன் கை பலத்தில், தன் கால் தேடிய பிடியில் ஏறிய குழந்தைக்குத் திரும்பும் வழி உடம்பிலேயே பதிந்திருக்கும். தூக்கி வைக்கப்பட்ட குழந்தைக்கு வந்த வழி தெரியாது.

ஏறும் முன்பு துப்பட்டா, செயின், வளையல், மோதிரம் எல்லாம் கழன்றன. அப்பாவின் பாக்கெட்டில் இருந்த போனும் வெளியே வந்தது. செருப்பு வேண்டாம், வெறுங்கால்தான். பிறகு மூன்று பிடி விதி. இரண்டு கை, இரண்டு கால் என நான்கில் எப்போதும் மூன்று மரத்தில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே நகரலாம். புதுக் கிளையில் முதலில் லேசாக மிதித்து, அழுத்திப் பார்த்து, பிறகுதான் முழு எடையையும் வைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாளும் அந்த ஒரே கிளைதான். ஏறு, இறங்கு. மறுபடி ஏறு, மறுபடி இறங்கு. சிறுமிக்குச் சலித்துப்போனது. “இது மரம் ஏறுறதா தாத்தா? சோபாவுல ஏறுற மாதிரி இருக்கு.” தாத்தா சிரித்தாரே தவிர விடவில்லை.

மூன்றாம் நாள் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடைவெளியில் அவள் விறுவிறுவென்று மூன்றாவது கிளை வரை போய்விட்டாள். எட்டு அடி இருக்கும். திரும்பிப் பார்த்தால் கால் வைக்க இடம் தெரியவில்லை. முதலில் குரல் நடுங்கியது, பிறகு அழுகை.

அப்பா பதறிப்போய், “கீழ பாக்காத, கீழ பாக்காத” என்று கத்தினார். ஏணியைத் தேடி ஓடப் பார்த்தார். தாத்தா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“கீழ பாக்காம எப்படிடா எறங்குவா? கண்ணு, மரத்த நல்லா கட்டிப் புடிச்சுக்க. அவசரமே இல்ல. மூச்சு விடு. இப்ப கீழ பாரு, என்னப் பாக்காத, உன் கால மட்டும் பாரு. வலது காலுக்குக் கீழ ஒரு முண்டு இருக்கு, தெரியுதா?”

“தெரியல தாத்தா.”

“இன்னும் கொஞ்சம் உள்பக்கம். ஆங், அங்கதான். அதுல கால வையி. அழுத்திப் பாரு. இப்ப எடது கை.”

மரத்தைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதைப்போல, ஒவ்வொரு பிடியாக அவள் இறங்கி வரப் பத்து நிமிடம் ஆனது. ஏற அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏறும்போது கண் முன்னால் போகிறது, கால் பின்னால் வருகிறது. இறங்கும்போது கால் முன்னால் போக வேண்டும், கண் பின்னால் நிற்கும். அதனால்தான் பூனைக்குட்டிகூட மரத்தில் மாட்டிக்கொள்கிறது.

மண்ணில் கால் பட்டதும் தாத்தா திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

“எது வரைக்கும் ஏறுன?”

“மூணாவது கெளை.”

“எது வரைக்கும் நீயா எறங்கத் தெரியும்?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “ரெண்டாவது.”

“அப்ப உன் மரம் ரெண்டாவது கெளையோட முடிஞ்சுது. நாளைக்கு வளரும்.”

28 கிலோமீட்டர் வேகம்

இதெல்லாம் அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று தோன்றலாம். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது சுமார் பத்தடியிலிருந்து விழுகிற ஒருவர் மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் தரையில் மோதுவார். 10 மீட்டர் என்றால் 50 கி.மீ. ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரிலிருந்து விழுவதற்குச் சமம். அதுவும் பல நேரம் முதுகோ கழுத்தோ முதலில் அடிபடும்.

அனுபவம் மட்டும் காப்பாற்றிவிடாது. நளினி நட்கர்னி என்ற அமெரிக்க விஞ்ஞானியை மர உச்சி ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர் என்பார்கள். அவருடைய அப்பா இந்தியர். மேரிலாண்டில் தன் வீட்டு வாசல் பாதையில் நின்ற மேப்பிள் மரங்களில் சிறுமியாக ஏறி விளையாடியதே தன் தொடக்கம் என்று சொல்பவர். கோஸ்டா ரிகா, வாஷிங்டன் மாநிலக் காடுகளில் பல ஆண்டுகள் கயிற்றில் ஏறி ஆராய்ந்தவர். 2015-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பக் காட்டில் கயிறு கைவிட்டதில் சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு உட்படப் பல எலும்புகள் முறிந்தன. பிழைத்து, தேறி, மறுபடி வேலைக்குத் திரும்பினார். முப்பது ஆண்டு அனுபவசாலிக்கே இந்தக் கதி என்றால், முதல் வாரப் பழக்கத்தில் இருப்பவருக்குப் பத்தடியே அதிகம்.

தாத்தாவிடம் இன்னொரு கட்டளையும் உண்டு. கீழே ஆள் இல்லாமல் ஏறவே கூடாது. விழுபவரைக் கையில் தாங்கிப் பிடிக்க அல்ல, அது முடியாத காரியம். கால் வைக்கும் இடத்தைச் சொல்லவும், ஏதாவது ஆனால் ஓடிப்போய் உதவி கூப்பிடவும்தான்.

அப்படி யாராவது விழுந்துவிட்டால்? ‘மரத்திலிருந்து விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி’ என்பார்கள். உதவி செய்கிறேன் என்று நாமே அந்த மாடாகிவிடக் கூடாது. விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்குவது, உட்கார வைத்துப் பார்ப்பது, தண்ணீர் கொடுப்பது, ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது எல்லாமே ஆபத்து. முதுகுத்தண்டில் அடிபட்டிருந்தால் அந்த அசைவிலேயே காலம் முழுக்க நடக்க முடியாமல் போகலாம். கிடந்த நிலையிலேயே தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இருக்கிறதா, ரத்தம் கொட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

தென்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டு

ஐந்தாம் நாள் பக்கத்துத் தோப்பில் தேங்காய் வெட்டு. மரத்தில் இருந்தவர் ஓர் அக்கா. முழுக்கைச் சட்டை, பேன்ட், இடுப்பில் பெல்ட், காலில் இரும்புக் கருவி. அப்பாவும் மகளும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவர்கள் வீட்டுத் தென்னையிலும் காய் முற்றி விழுந்துகொண்டிருந்தது. வெட்ட ஆள் கிடைக்காமல் இரண்டு மாதமாகத் தாத்தா போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க மாமனார் தளைக்கயிறு போட்டு ஏறுனவர்ண்ணே” என்றார் அந்த அக்கா, கீழே இறங்கி வியர்வையைத் துடைத்தபடி. “நெஞ்செல்லாம் காய்ப்பு காய்ச்சிருக்கும். ஊர்ல மரியாதையாவும் கூப்பிட மாட்டாங்க. அதனால பிள்ளைங்கள ஏற விடல. இப்ப மெஷின் வந்தப்புறம் என்னை ஆபரேட்டர்னு சொல்றாங்க!”

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. மரம் ஏறுவது பல தலைமுறையாகச் சில சாதிகளின் தலையில் மட்டும் கட்டப்பட்ட தொழில். உயிரைப் பணயம் வைத்து ஏறியவர்களுக்குக் கூலியும் குறைவு, மரியாதையும் குறைவு. பிள்ளைகளாவது வேறு வேலைக்குப் போகட்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. இன்று ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான் மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் உள்ள தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி. ஆண், பெண் இரு பாலரும் சேரலாம். கருவியில் ஏறுவது மட்டுமல்ல, மரத்தின் தலையைச் சுத்தம் செய்வது, காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு போன்ற பூச்சிகளைக் கண்டுபிடிப்பது எனத் தென்னைப் பராமரிப்பும் சொல்லித்தரப்படும். மரம் ஏறுகிறவர்களுக்கென்று ‘கேர சுரக்ஷா’ என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் வாரியத்திடம் உண்டு. ஆர்வம் உள்ளவர்கள் வாரியத்திலோ, தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்கலாம். கடலூர் மாவட்டத்துக்கு அந்த நிலையம் விருத்தாசலத்தில் இருக்கிறது.

கருவியின் சூட்சுமம் எளிமையானது. கால் வைக்க இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி வளைக்கும் கம்பிவடம். காலை ஊன்றி எடையைப் போட்டால் வடம் மரத்தை இறுக்கிப் பிடிக்கும். எடையை எடுத்துவிட்டுக் கையால் தூக்கினால் தளர்ந்து மேலே நகரும். வலது, இடது, வலது, இடது. மாடிப்படி ஏறுகிற மாதிரிதான். நின்றபடி ஏறும் இந்த வகையைக் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே.ஜோசப் என்கிற அப்பச்சன் உருவாக்கினார். அவர் எஞ்சினீயர் அல்ல, விவசாயி. உட்கார்ந்தபடி ஏறும் வகையும் இருக்கிறது.

“பயிற்சியில முதல் நாள் எவ்வளவு உயரம் ஏறுனீங்க?” என்று சிறுமி கேட்டாள்.

“ரெண்டு அடி பாப்பா. நாள் பூரா ரெண்டு அடிதான். ஏறு, எறங்கு, ஏறு, எறங்கு.”

சிறுமி தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். தாத்தா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற வசதியாக இருக்கட்டும் என்று சிலர் தென்னந்தண்டில் படி வெட்டுவார்கள். அது கூடாது. மாமரத்தில் பட்ட வெட்டுக்காயத்தைச் சுற்றிப் புதுப் பட்டை வளர்ந்து மூடும். தென்னைக்கும் பனைக்கும் அந்த அமைப்பு கிடையாது, வெட்டு வெட்டாகவே நிற்கும். அந்தக் காயம்தான் கூன்வண்டு உள்ளே நுழையும் வாசல்.

பனையைப் பற்றியும் அப்பா கேட்டார். தளைநார், முருக்குத்தடி, பாளை அரிவாள் என்று கருவிகளின் பெயரை வரிசையாகச் சொன்ன தாத்தா, “பனை பழகுற மரம் இல்லடா, அது பொழப்பு மரம்” என்று முடித்துக்கொண்டார். பதநீர்க் காலத்தில் பல பத்து மரங்களில், தினம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஏறி இறங்கும் தொழிலாளியிடம் பல மாதம் கூடவே இருந்து கற்கிற வித்தை அது. லீவுக்கு வந்தவர்களுக்கு உரியது அல்ல.

கயிறு கட்டி ஏறுகிறவர்கள்

வேலைக்காக அல்லாமல் ஆசைக்காகவே கயிறு கட்டி மரம் ஏறுகிறவர்களும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் அட்லான்டா நகரில் 1983-ல் பீட்டர் ஜென்கின்ஸ் என்பவர் ‘ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பைத் தொடங்கி, சாதாரண மக்களுக்கு இதைச் சொல்லித்தர ஆரம்பித்தார். உறுதியான உயரக் கிளையின் மேல் கயிற்றைப் போட்டு, உடம்பில் ஹார்னெஸ் மாட்டி, நழுவாத முடிச்சுகளின் உதவியால் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறும் முறை. மரத்தின் பட்டை தேயாமல் இருக்கக் கயிற்றுக்கு உறை போடுவார்கள். உயிருள்ள மரத்தில் ஆணிச் செருப்புப் போட்டு ஏற மாட்டார்கள்.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் கக்காச்சிப் பகுதியில் சௌபத்ரா தேவி, கணேஷ் போன்ற ஆய்வாளர்கள் 1990-களிலேயே கயிற்றில் ஏறி, மழைக்காட்டு மரங்களின் உச்சிப் பூக்களுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று ஆராய்ந்தார்கள். தரையில் நின்று பார்த்தால் தெரியாத ஓர் உலகம் அங்கே இருக்கிறது.

ஆனால் இதை வீடியோ பார்த்து வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. துணி காயப்போடும் நைலான் கயிறு மனித எடைக்கானது அல்ல. குழந்தையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி ஏற விடுவது அதைவிட மோசம். விழுந்தால் அந்தக் கயிறே வயிற்றையும் முதுகையும் நசுக்கிவிடும். கயிற்று வித்தை கற்க விரும்பும் இளைஞர்கள், பயிற்சியாளர் இருக்கும் ஏற்றச் சுவர்களில் முதலில் பழகலாம். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் அப்படி ஒரு சுவர் உண்டு. ஹார்னெஸ் மாட்டுவது, முடிச்சுப் போடுவது, ஒருவர் ஏற இன்னொருவர் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பது எல்லாம் அங்கே பழகிவிடும். கீழே ஓர் ஆள் வேண்டும் என்ற விதி அங்கேயும் மாறாது.

சப்போட்டா வீடு

பத்து நாள் கழித்து அப்பாவும் மகளும் தாம்பரம் திரும்பினார்கள். முழங்காலில் இரண்டு சிராய்ப்புகள் தவிர வேறு சேதாரம் இல்லை. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

அதற்குப் பிறகு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதெல்லாம் சிறுமிக்கு ஒரே வேலை.

“அந்த மரம் வேணாம்ப்பா, கீழ கல்லு இருக்கு. அது... கம்பி போகுது. ஐயோ, அது முருங்கை!”

குடியிருப்பின் மாமரத்தைப் பற்றி செக்ரட்டரியிடம் பேசிப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். “முதல் கிளையே எனக்கு எட்டலப்பா. அது இன்னும் என் மரம் இல்ல.”

மூன்று தெரு தள்ளி, மதில் சுவருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்த சப்போட்டா மரத்தைக் கண்டுபிடித்தது அவள்தான். பழைய தனி வீடு. கேட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தாழ்வான கிளைகள், கீழே வெறும் மண். அப்பா தயங்கித் தயங்கி அழைப்பு மணியை அழுத்தினார். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிறுமியை ஏற இறங்கப் பார்த்தார்.

“என் பையன் ஏறி விளையாடின மரம்தான். அவன் இப்ப டல்லாஸ்ல இருக்கான். விழுந்து வெச்சா என்னம்மா பண்றது?”

“ரெண்டாவது கிளைக்கு மேல போக மாட்டேன் பாட்டி. அது வரைக்கும்தான் எனக்கு இறங்கத் தெரியும்.”

பாட்டி ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், வேலை செய்கிற பெண்ணிடம் நாற்காலி ஒன்றை எடுத்து வந்து மரத்தடியில் போடச் சொல்லி.

“அப்பாவுக்கு ஆபீஸ் இருக்கும். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா. நான் கீழ உக்காந்து பாத்துக்கறேன்.”